கடாரமும் நட்சத்திர சாம்ராஜ்ஜியமும்

நடந்துபோன காரியம் அவ்விதம் நடவாமல் வேறு விதமாக நடந்திருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்று யோசிப்பது மனிதருக்குள்ள பழைய பழக்கங்களில் ஒன்று. இதனை வீண் வேலை என்று சொல்வாரும் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒருவன் சரித்திரத்தில் எதை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறான் என்பதைக் கொண்டு அவன் எதை நியாயமென மதிக்கிறான் என்று கண்டுகொள்ளலாம். எதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுகிறான் என்பதைக் கொண்டு இன்னும் தெளிவாகக் கண்டுகொள்ளலாம்.

ஐசக் அசிமோவ் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1942-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கதைத்தொடர் ஒன்று ஆங்கிலம் படித்த நம் வாலிபர்களிடையே இன்றும் உலவி வருகிறது. அதன் பெயரை 'அடித்தளம்' எனத் தமிழில் சொல்லலாம். படியாதவர்களுக்காக அதன் சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். மனிதர் பூமியை விட்டுப் போய் நட்சத்திரங்களிடையே இரண்டரைக் கோடி உலகங்களில் குடியேறிவிட்ட வெகு தூரக் காலம் அது. பன்னீராயிரம் ஆண்டுகளாக ஒரே சாம்ராஜ்ஜியம் அவற்றையெல்லாம் ஆண்டு வருகிறது. அதன் தலைநகர் டிராண்டர் என்ற ஓர் உலகம். அரண்மனைத் தோட்டம் ஒழிய மற்ற இடமெல்லாம் உலோகத்தால் மூடப்பட்டு உலகம் முழுதுமே ஒரு நகரமாகிவிட்டது. ஜனத்தொகை 4,000 கோடிக்கு மேல். ஹரி செல்டன் என்னும் கணித மேதை, இந்தச் சாம்ராஜ்ஜியம் விழப் போகிறது, விழுந்தபின் 30,000 ஆண்டுகள் உலகங்கள் காட்டுமிராண்டி நிலையில் கிடக்கும் என்று கணக்கிட்டு அறிகிறார். வீழ்ச்சியைத் தடுக்க வழியில்லை. ஆனால் இருண்ட காலத்தை 1,000 ஆண்டாகக் குறைக்க வழியுண்டு என்று ஒரு திட்டம் வகுக்கிறார். அது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. திட்டம் இன்னதென்று ஜனங்கள் அறியக் கூடாது. அறிந்தால் கணக்குப் பிசகிப்போகும்!

கதை நீண்டுகொண்டே போகிறது. செல்டனின் கணக்கில் வராத ஒருவன், கோவேறு கழுதை என்று பட்டம் சூட்டிக்கொண்டவன், நடுவிலே தோன்றித் திட்டத்தைக் குலைக்கிறான். இரகசியமாய் ஒளிந்திருந்த மேதைகள் கூட்டமொன்று அதைச் சரி செய்கிறது. 1982-இல் வெளிவந்த நூலில் டிரெவைஸ் என்ற ஒரே ஒரு மனிதன் கையில் எதிர்காலம் முழுதும் ஒப்படைக்கப்படுகிறது. படை பலத்தால் ஆளும் ஒரு சாம்ராஜ்ஜியமா, மனத்தை வசப்படுத்தி ஆளும் மேதைகளின் சாம்ராஜ்ஜியமா, அல்லது எல்லா உயிரும் ஒரே உள்ளமாகிவிடும் மூன்றாவது வழியா என்று கேட்க, அவன் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறான். ஆசிரியர் 1992-இல் காலமானார். திட்டத்தின் ஆயிரம் ஆண்டில் ஏறக்குறைய பாதியோடு கதை நின்றுபோயிற்று. ஆகவே, டிரெவைஸ் வேறொன்றைத் தேர்ந்திருந்தால் என்ன, கோவேறு கழுதையே வென்றிருந்தால் என்ன என்று வாசகர்கள் இன்றும் தத்தம் போக்கில் கட்டிப் பார்த்து வருகின்றனர்.

நாமும் இந்த வாதங்களில் ஆசையோடு கலந்துகொண்டதுண்டு. ஆனால் அக்கதையிலே ஒரு சிறு செய்தி நம்மை வெகுநாளாக உறுத்தி வருகிறது. டிராண்டரில் விளைவது ஒன்றுமில்லை. 4,000 கோடிப் பேரும் சாப்பிட வேண்டும். அதற்காக இருபது உழவு உலகங்களின் விளைச்சலைப் பல்லாயிரம் கப்பல்கள் நாள்தோறும் ஏற்றி வந்து தலைநகரில் இறக்குகின்றன என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறார். அந்த இருபது உலகங்களிலும் மண்ணைக் கொத்தியவர் யார்? எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள்? நாட்கூலி என்ன? செல்டனின் திட்டம் அவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிற்றா? வீழ்ச்சி வந்தபோது அழுதார்களா, அப்பாடா என்றார்களா? சக்கரவர்த்தி, சேனாதிபதி, வியாபாரி, மேயர், மேதை என எல்லோருக்கும் கதையில் இடமுண்டு. இருபது உலகங்களுக்கு ஒரு வரிதான். வாசகர்கள் கட்டிப் பார்க்கும் மாற்றுக் கதைகளிலோ அந்த ஒரு வரியும் இல்லை. சிங்காதனத்தில் யார் இருக்கலாம் என்பதை மட்டுமே அவை மாற்றுகின்றன. தானியக் கப்பல் மட்டும் எந்தக் கதையிலும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

தோட்டத்துக் கிராணிக்கு இது கண்ணில் படுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நாம் இதை எழுதப் புகுந்தது அமெரிக்கக் கதையின் பொருட்டன்று. அதே பிழையை நம்மவர்கள் நம்முடைய சொந்தச் சரித்திரத்திலும் செய்கிறோம் என்பதனால்தான்.

நெகிரி செம்பிலானில் சிரம்பானிலோ, பகாவிலோ, தம்பினிலோ ஒரு தேநீர்க் கடையில் சற்று நேரம் உட்கார்ந்தால் கடாரத்தைப் பற்றிய பேச்சு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் காதில் விழும். இராஜேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து படை அனுப்பினான், ஸ்ரீவிஜயத்தை அடித்தான், கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, வென்றான், கடாரம் கொண்டான் என்று பேர் பெற்றான். பேச்சு இத்துடன் நிற்பதில்லை. ஓர் இளைஞர் நம்மிடம் சொன்னார்: "அந்தக் கப்பலெல்லாம் திரும்பிப் போகாம இங்கேயே இருந்திருந்தா, இன்னிக்கு நாமதான் அண்ணே துரை!" சரி தம்பி, அப்போது குலை வெட்டுவது யார் என்று கேட்டோம். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. "அதுக்குத்தான் பங்களாக்காரன் இருக்கானே!"

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம். ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் போட்டு வேறொரு உலகத்தைக் கட்டும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. கற்பனைக்குக் காசு இல்லை, காவல் இல்லை. அப்படியிருந்தும் அவர் கட்டிய உலகத்தில் துரை பங்களா அங்கேயே இருக்கிறது, லயம் அங்கேயே இருக்கிறது, பெரட்டு மணி விடியற்காலையில் அடித்துக்கொண்டேயிருக்கிறது. குடியிருப்பவர் மட்டும் வீடு மாறிக்கொண்டனர்.

சோழர் சரித்திரத்தையே சற்றுப் பார்ப்போம். 1006-ஆம் ஆண்டளவில் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். சோழ அரசு அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானம் செய்தது. அந்தச் சிநேகத்துக்குப் பின் இருபது ஆண்டு ஆவதற்குள் படையெடுப்பு. வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைக் கல்வெட்டில் நீளமாக இருக்கிறது. ஆனால் சோழர் இங்கே நிலையாக உட்கார்ந்து அரசாளவில்லை. 1068-ஐ ஒட்டி வீரராஜேந்திரன் மறுபடியும் கடாரத்தை வென்று, உதவி கேட்டு வந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. 1279-உடன் சோழப் பேரரசே முடிந்தது.

அவர்கள் இங்கே நிலைத்திருந்தால்? கடாரத்தில் பெரிய கோயில் எழும்பியிருக்கும் என்கிறார்கள். எழும்பியிருக்கலாம். கோயிலோடு மற்றவையும் கப்பலேறி வந்திருக்குமே! உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தச் சபையில் அங்கம் பெற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். இராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு விட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியே பிரித்துக் குறிக்கப்பட்டுள்ளன. பஞ்ச காலத்தில் தம்மையும் தம் பிள்ளைகளையும் கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டவர்களின் செய்தியும் சோழர்காலக் கல்வெட்டுகளில் உண்டு. இவற்றையெல்லாம் நாகப்பட்டினக் கரையிலே இறக்கி வைத்துவிட்டுக் கோபுரத்தை மட்டும் ஏற்றி வந்திருப்பார்களா? தேநீர்க் கடையில் 'நாமதான் துரை' என்ற இளைஞரின் பாட்டனார் அந்தக் கடாரத்தில் எந்தச் சேரியில் இருந்திருப்பார் என்று கேட்டால் அது மரியாதையாக இராது, ஆகையால் கேட்கவில்லை. கப்பலில் துடுப்புத் தள்ளியவனின் பெயர் மெய்க்கீர்த்தியில் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம்.

உண்மையில் இங்கே தங்கிவிட்ட தமிழரும் உண்டு. அவர்கள் படையோடு வந்தவர்களல்லர், சரக்கோடு வந்தவர்கள். சுமத்திராவில் கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறையில் 1088-இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் தமிழில் கல்வெட்டு வைத்தனர். அத்தீவின் காரோ மக்களிடையே செம்பிரிங் என்ற குலத்தில் சோலியா, பாண்டியா என்ற உட்பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. தமிழ் வணிகர் கலந்ததன் தடம் அது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? நமது எல்லையைத் தாண்டினால் மலாக்கா. அங்கே காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் சுல்தான்கள் காலத்திலிருந்தே இருப்பவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். 1781-இல் கட்டிய அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. கப்பல், கடை, முதல், பெட்டி, கட்டில் ஆகிய நம் சொற்களை மலாய்க்காரர் தம் சொற்களாகவே வழங்குகின்றனர். வேறு விதமாக நடந்த சரித்திரம் வேண்டுமென்போர் இதனைப் பார்க்கலாம். இதில் துரையும் இல்லை, கூலியும் இல்லை. மேடையிலே முழங்குவதற்கு மட்டும் இது உதவாது.

நிற்க. இருபது உழவு உலகங்களின் கதைக்கு வருவோம். அது நமக்குக் கற்பனையன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிறகு மலாயாவின் மேற்குக் கரையோரம் முழுதும் காடழிந்து ரப்பர் நின்றது. கன்று நட்டால் பால் எடுக்க ஐந்தாறு ஆண்டு. அதன்பின் இருபத்தைந்து முப்பது ஆண்டு பலன். ஆகவே தோட்டக்காரன் தலைமுறைக் கணக்காகத் திட்டம் போடுகிறவன். அவனும் ஒருவகைச் செல்டன்தான். எத்தனை ஏக்கருக்கு எத்தனை ஆள், அந்த ஆளுக்கு எத்தனை காசு, அந்த ஆளை எந்த ஜில்லாவிலிருந்து கங்காணி பிடித்து வருவது என்பதெல்லாம் கணக்கு. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விகிதம் வகுத்தார்கள். ரப்பர் விலை விழுந்தபோது 1930-இல் அதையும் 40, 32 என்று குறைத்தார்கள். கணக்கில் இருந்தவர்களைக் கணக்குப் போட்டவர்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இங்கே செல்டன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதை இலேசாகத் தள்ளிவிடுவது யோக்கியமன்று. முப்பதினாயிரம் ஆண்டுத் துன்பத்தை ஆயிரம் ஆண்டாகக் குறைப்பது சிறு காரியமா? ஜனங்களைக் கேட்டால் கணக்குப் பிசகும் என்றால், கேளாமலே நன்மை செய்வதுதானே தர்மம்? தோட்ட முதலாளிகளின் பக்கத்தாரும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம் கட்டுக்கதையன்று. அந்த ஊர்களிலேயே இருந்திருந்தால் நம் முன்னோரில் பலர் பிழைத்திருக்கமாட்டார்கள். நாமும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். மறுக்கவில்லை. ஆனால் ஒரு காரியத்தால் நன்மை விளைந்ததா என்பது ஒரு கேள்வி; சம்பந்தப்பட்டவரைக் கேட்டுச் செய்ததா என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டதாகப் பாவிப்பதுதான் திட்டக்காரர்களின் சூழ்ச்சி. மேலும், கேட்டால் பிசகிவிடும் கணக்கு எவ்விதக் கணக்கு? கேட்கப்பட்டவன் 'மாட்டேன்' என்று சொல்லக்கூடும் என்ற பயம் அதனுள்ளே இருக்கிறது. செல்டன் தொலைதூர உலகத்துக்கு அனுப்பிய கல்விமான்கள் கலைக்களஞ்சியம் எழுதப் போகிறோம் என்றே நம்பிப் போனார்கள். அது வெறும் சாக்கு என்று ஐம்பதாம் ஆண்டில்தான் தெரிந்தது. கங்காணியின் வாய்ப் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களுக்கு இக்கதை புதிதன்று.

கேளாமலே இருந்தவர்கள் ஒருநாள் கேட்டார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகள் பதிவில் இருக்கின்றன. கூலி உயர்வு ஒன்று. பிள்ளைகளுக்கு நல்ல தமிழ்ப் பள்ளி, கள்ளுக்கடையை மூடுதல், உறவினர் வந்து பார்த்துப்போக அனுமதி ஆகியவை வேறு. இன்னொன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கடாரத்தைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. துரையாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும், அவ்வளவே. அதற்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். நம் சரித்திரத்தில் வேறு விதமாக நடக்கக்கூடிய ஒரு திருப்பம் எங்கே என்று கேட்டால் 1025-ஐ விட்டு இந்த 1941-ஐ நாம் காட்டுவோம். 1025-இல் மாறியது கொடி. 1941-இல் கையை நீட்டியது அடுக்கின்மேல்.

இன்னொன்றையும் சொல்லலாம். 1950களில் வெள்ளையர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினர். தொழிலாளர் தெருவில் நின்றனர். அப்போது அமைச்சராயிருந்த சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் புக்கிட் சீடிம். அது இருப்பது கெடாவில்! கடாரம் கொண்ட கதையில் இதை யாரும் சேர்ப்பதில்லை. அங்கும் விடியலில் எழுந்து மரம் சீவத்தான் போனார்கள். கூலி ஏதும் தங்கமாகிவிடவில்லை. ஆயினும் நிலத்தில் வேலை செய்தவரின் பெயர் நிலத்தின் கணக்கில் ஏறிற்று.

நெகிரி செம்பிலானில் இருக்கும் நாம் பக்கத்து வீட்டையும் பார்க்கலாம். இங்குள்ள மலாய்க்காரரின் முன்னோரும் சுமத்திராவின் மினாங்கபாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களே. 1773-இல் தங்களுக்கு அரசர் வேண்டுமென்று அவர்களே ராஜா மேலேவாரை அழைத்து வந்தனர். இன்றும் யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நான்கு உண்டாங்குகள். அவர்களுடைய ஆதாட் பெர்பாதே வழக்கப்படி குல நிலம் தாய்வழியே பெண்களுக்குச் சேர்கிறது. அதிலும் குறைகள் இருக்கும். ஆனால் வேலிக்கு அப்புறம் பெண்ணுக்கு வயல் இருந்த அதே காலத்தில், வேலிக்கு இப்புறம் நம் பெண்ணுக்கு ஆணைவிடப் பத்துக் காசு குறைவாக இருந்தது. நட்சத்திரங்களுக்குப் போகாமலே, மண் சாலையொன்றைக் கடந்தாலே, வேறு விதமான ஓர் ஏற்பாட்டைக் கண்டிருக்கலாம்.

இன்று ரப்பர் குறைந்து செம்பனை நிற்கிறது. நீலாய்ப் பக்கத்திலும் செண்டாயான் பக்கத்திலும் தோட்டங்கள் நகரங்களாகிவிட்டன. நம்மவர் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டனர். செக்ரோலில் நாம் எழுதும் பெயர்கள் இன்று வங்காள தேசத்தினுடையவை, நேப்பாளத்தினுடையவை, லோம்போக்கினுடையவை. கடன் பட்டு முகவருக்குக் கொடுத்து வந்தவர்கள். ஊரில் சொன்ன வேலை ஒன்று, இங்கே கண்ட வேலை ஒன்று. நம் பாட்டன்மார் உட்கார்ந்த அதே படிக்கட்டில் மாலையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறார்கள். 2020, 2021-இல் கொள்ளை நோயால் எல்லைகள் மூடிக்கிடந்தபோது ஆளில்லாமல் குலைகள் மரத்திலேயே பழுத்து அழுகின. நமது டிராண்டருக்கு உழவு உலகங்களிலிருந்து கப்பல் வராத நாட்கள் அவை. அப்போதும் ஆள் எப்போது வரும் என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

அவர்களைப் 'பங்களாக்காரன்' என்று வாய்கூசாமல் சொல்லும் நம்மவருக்கு, 'கிள்ளிங்' என்ற சொல் தம் காதில் விழுந்தால் மட்டும் இரத்தம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் கொதிப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அதைச் சுயமரியாதை என்று நாம் ஒப்பமாட்டோம். துரை நாற்காலி தமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் என்றே சொல்வோம். கடாரக் கனவை நாம் கண்டிப்பது சரித்திரத்தை வெறுத்தன்று. கப்பல் கட்டியவனையும் கடல் தெரிந்தவனையும் எண்ணி மகிழலாம். வென்றோம் என்பதால் எளியவனை இகழும் உரிமை பரம்பரையாக வந்துவிட்டது என்று எண்ணுவதைத்தான் கண்டிக்கிறோம்.

ஈ. வெ. ரா. பெரியார் 1940களில் 'இனிவரும் உலகம்' என்று எழுதியபோது, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாச் சாதனம் இருக்கும் என்றார். அது பலித்ததை எல்லோரும் வியக்கின்றனர். நமக்கு வியப்பளிப்பது வேறு. கடினமும் இழிவுமான வேலையை நாளைய உலகில் யார் செய்வார் என்ற கேள்வியை அவர் விடவில்லை. எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சாதனத்தைச் சொல்வார்கள். துடைப்பம் யார் கையில் என்பதைச் சொல்வோர் குறைவு.

ஆகவே அசிமோவ் விட்டுப்போன கதையை நம்மிடம் கொடுத்து, எங்கிருந்து மாற்றுவீர் என்று கேட்டால், டிரெவைஸின் கப்பலில் நாம் ஏறமாட்டோம். மூன்று வழிகளில் எது சிறந்தது என்ற விசாரணையே நமக்கு அருவருப்பாயிருக்கிறது. இரண்டரைக் கோடி உலகங்களுக்காக ஒருவன் தேர்ந்தெடுப்பது எந்த வழியாயிருந்தால் என்ன? சாம்ராஜ்ஜியம் இன்னும் விழாத காலத்துக்குப் போவோம். இருபது உலகங்களில் ஒன்றில் இறங்குவோம். அறுவடை முடிந்து கப்பல் காத்து நிற்கிறது. மூட்டை சுமக்கிறவர்களுள் ஒருத்தி, இந்தத் திட்டம் என்பது என்ன, அதில் எங்களுக்கு என்ன எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்கிறாள். கூட இருப்பவர்களும் மூட்டையை இறக்கி வைக்கின்றனர். அன்று கப்பல் புறப்படவில்லை. மறுநாள் பக்கத்து உலகத்திலும் புறப்படவில்லை. செல்டனின் கணிதத்துக்கு இதற்கு மேல் வழி தெரியாது. ஆயிரம் ஆண்டு ஐயாயிரமாகவும் கூடும், நூறாகவும் கூடும். டிராண்டரில் 4,000 கோடிப் பேரும் அன்றிரவு முதன்முறையாகத் தங்கள் சோறு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.